இன்னும் வராதவர்கள்

அந்த இதய மருத்துவமனையின் கதவைத் தச்சர் ஐந்து முறை நகர்த்தினார். நான்கு முறை அவர்கள் சொல்லி நகர்த்தினார், கைகுலுக்கிப் பாராட்டினார்கள். ஐந்தாவது முறை செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று அங்கே இன்னும் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தக் கதவு, எல்லாக் கட்டடங்களின் கதவையும் போல, தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் கதவைத் தாண்டிய நொடியிலிருந்து அவருடைய அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் நொடிவரை தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். நல்ல விதி. ரத்தம் போகாத இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்தவர்கள் போட்டது. ஆனால் முதல் வருடம் சராசரி நூற்று ஐம்பது நிமிடம் வந்துவிட்டது. கூட்டம் கூடியது. இன்னும் நாலு மருத்துவர்கள் வேண்டும் என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில்தான் நேர அதிகாரி எழுந்து, அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

"கதவு அங்கதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

தச்சரை வரவழைத்தார்கள். அவர் கதவைக் கழற்றி நாற்பது அடி உள்ளே தள்ளி மாட்டினார். வெளியே மிஞ்சிய நாற்பது அடிக்கு 'முன்வெளி' என்று பலகை வைத்தார்கள். முன்வெளியில் இருப்பவர் இன்னும் வராதவர். வராதவருக்குக் கடிகாரம் ஓடாது. சராசரி மளமளவென்று இறங்கியது. அடுத்த வருடம் இன்னும் நாற்பது அடி. அதற்கடுத்த வருடமும். மூன்றாம் முறை தச்சருக்குள் ஏதோ உறுத்தியது.

"சார், ரொம்ப உள்ள போகுதே," என்று கேட்டும்விட்டார்.

நேர அதிகாரி அவர் தோளில் கை வைத்தார். "கதவைப் பத்தி நீங்க யோசிங்க. தூரத்தைப் பத்தி நாங்க யோசிக்கிறோம்."

தச்சர் கதவைப் பற்றி யோசித்தார். நல்ல தேக்கு. வருடம் எத்தனை ஆனாலும் முறுக்கிக்கொள்ளாத மரம்.

நான்காம் முறை, இனி சுவரில் பதிக்க வேண்டாம், அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்கும் என்றார்கள். எனவே தாழ்வாரத்தின் நடுவே தன் காலில் தானே நிற்கும்படி ஒரு நிலையைச் செய்து, அடியில் ஆப்புகள் அடித்து நிறுத்தினார். நிலையின் தலையில் ஒரு கடிகாரம், காலில் ஒரு மின்கண். யாராவது உள்ளே கடந்தால் மணி அடிக்கும், கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும், உள்ளே கணினியில் ஓர் எண் விழும். எண் விழாதவருக்குச் சிகிச்சை மேசையில் இடம் இல்லை. கதவுக்கு இரண்டு பக்கமும் ஆள் தாராளமாகப் போக இடமிருந்தது. ஊழியர்கள் தேநீர்க் கோப்பையோடு பக்கவாட்டில் போய் வந்தார்கள். நோயாளி அப்படிப் போனால், எவ்வளவு உள்ளே போனாலும் வராதவர்தான்.

அந்தக் கதவுக்கு மெருகு போட்டது தச்சரின் மனைவி. பட்டறையில் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தபடி கேட்டாள்: "நட்ட நடு வழியில நிக்குற கதவை இப்பதான் பாக்குறேன். யாரை உள்ள விட இது?"

தச்சர் பதில் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பேச்சு. இருபத்தாறு வருடமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் மெருகுத் துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்காருகிறவள் இல்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தாடை வலிக்குது. முதுகும். நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்குற மாதிரி இருக்கு."

"யாரு?"

"நீங்களாத்தான் இருக்கும். இறங்குங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்ததைப் பார்த்த தச்சர், இடுப்பில் கட்டிய கருவிப்பையை அவிழ்க்கக்கூட நிற்காமல் வண்டி பிடிக்க ஓடினார்.

மருத்துவமனையின் தெருவாசல் இப்போது வெறும் திறப்பு. கீல் இருந்த இடங்களை அவர் பட்டி பூசி அடைத்த தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. காவலாளி அவரை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார்.

"அண்ணே, நீங்களா! உங்க கதவு இன்னும் ஒரு சத்தம் போடலைண்ணே. அப்படியே வழுக்கிட்டுப் போகுது." பிறகுதான் அவளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஸ்ட்ரெச்சர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணியா? படுங்கண்ணி. இன்னும் வரலை நீங்க, பயப்படாதீங்க."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தாள். தூரத்தில், தான் தேய்த்த தேக்கு மினுமினுத்தது.

"நீங்க வெச்ச கதவுதானே?" என்றாள். "கொஞ்சம் கிட்ட வெச்சிருக்கலாம்ல."

நூற்று அறுபது அடி. தச்சருக்கு அளவு மனப்பாடம்.

பாதி வழியில் வகை அதிகாரியின் மேசை. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள், நிமிராமலே பேசினார்.

"நெஞ்சு வலி மூணு வகை. ஒண்ணாவது, குழாய் குறுகியிருக்கும், தசை சாகலை. ரெண்டாவது, அடைப்பு அரைகுறை, கொஞ்சம் தசை செத்திருக்கும், ரத்தத்துல தெரியும். மூணாவது முழு அடைப்பு, இதய வரைபடத்துலயே தூக்கலா தெரியும். வகைக்கு ஒரு பெஞ்சு. நீங்க எந்த வகை?"

"அது நீங்கதானேம்மா சொல்லணும்," என்றார் தச்சர்.

"எல்லாத்தையும் நாங்களே சொல்லணும்னா எப்படி?" ஒரு வெள்ளைப் படிவத்தை நீட்டினார். "வலி எப்படி இருக்கு? கல் வெச்ச மாதிரியா, கயிறு கட்டின மாதிரியா, எரியற மாதிரியா? ஒண்ணை மட்டும் குறிக்கணும்."

"யாரோ ஏறி உக்காந்த மாதிரி," என்றாள் மனைவி. "தாடையும் வலிக்குது."

"உக்காந்த மாதிரிக்குக் கட்டம் இல்ல. தாடை, பல் மருத்துவமனை. ரெண்டு தெரு தள்ளி."

செவிலி ஒருத்தி வந்து, அவள் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி வரைபடம் எடுத்து, மேசையில் வைத்தாள். வகை அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார். ஒண்ணாம் பெஞ்சு. ரத்தம் எடுத்தார்கள். முக்கால் மணி கழித்து முடிவு வந்தது. ரெண்டாம் பெஞ்சு.

"முன்னேற்றம்," என்றார் வகை அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து.

அவள் முகம் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. இன்னொரு வரைபடம். கோடு இப்போது அலைபோல எழும்பி, கீழே இறங்க மறந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் மூணாம் பெஞ்சுக்கு நகர்ந்தது.

"மூணாவது வகை! இதுக்குத்தான் இங்க முதலிடம்," என்றார் வகை அதிகாரி, பதவி உயர்வு தருகிறவரின் குரலில். "முதலிடம் இருக்கறதால, நீங்க முதல்ல காத்திருங்க."

அவர் திரும்பியதும் செவிலி குனிந்து, தன் சொந்தப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் வாயில் வைத்தாள்.

"முழுங்காதீங்க, கடிச்சு மெல்லுங்க. ரத்தம் மேலும் உறையாம இருக்கும். கதவுக்கு முன்னாடி மருந்து தரக் கூடாது." சுற்றிலும் பார்த்தாள். "நான் தரலை."

மூணாம் பெஞ்சின் ஓரத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுநரின் காக்கி உடுப்பு. தச்சரைப் பார்த்து, இடம் கொடுப்பதுபோல நகர்ந்துகொண்டார்.

"சம்சாரமா?"

"ஆமாங்க."

"பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமப் போச்சு." தன் இடது கையைத் தேய்த்துக்கொண்டார். "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது பிடிச்சிருச்சு. ஓரமா நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் வந்தேன். முப்பத்தெட்டு பேர். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. சாவியை வண்டியிலேயே விட்டுட்டேன். அதான் மனசுல கிடந்து அரிக்குது."

"எப்ப வந்தீங்க?"

ஓட்டுநர் அவரை வியப்பாகப் பார்த்தார். "இன்னும் வரலைங்களே."

அவர் மடியில், தொப்பிக்கு அடியில், ஒரு படிவம். நீல நிறம். மூலைகள் மடங்கி, மடித்த இடத்தில் நூல்போலக் கிழிந்திருந்தது. அந்த வழியாக வந்த காவலாளியைத் தச்சர் நிறுத்தினார்.

"தம்பி, நீலப் படிவம் எதுக்குக் கொடுப்பாங்க?"

"நீலமா? அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சே அண்ணே. ரெண்டாவது தடவை நீங்க கதவை நகர்த்தினீங்க பாருங்க, அதோட நிறுத்திட்டாங்க." காவலாளி பெஞ்சைப் பார்த்தார். "தள்ளி உக்காருங்கண்ணே. பெஞ்சு பூரா காலியாத்தானே கிடக்கு?"

தச்சர் பெஞ்சைப் பார்த்தார். ஓட்டுநர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், பிறர் வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டவர்போல. அவருக்கு அப்பால், சுவர் ஓரத்தில், இன்னும் சிலர். ஒருத்தி மடியில் நீலம். ஒரு கிழவர் கையில் பச்சை. எல்லோரும் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோடியில் நிற்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல.

"ஏங்க," என்றாள் மனைவி. குரல் மிகவும் மெலிந்திருந்தது. "யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

தச்சர் எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

கதவுக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் போகும் வழியில், நேர அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் வழியாகச் சிகிச்சை அறை தெரிந்தது. மேசை காலி. பச்சை உடை போட்ட மூன்று மருத்துவர்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள்.

"அடடே, தச்சரா! கதவு நல்லா ஒத்துழைக்குது. இந்த மாசம் சராசரி என்ன தெரியுமா? முப்பத்தெட்டு நிமிஷம்! வெளியூர்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போறாங்க."

"சார், என் சம்சாரம். மூணாவது வகை. கதவைத் திறங்க."

"திறக்கலாம். தயாரானதும் திறக்கலாம்."

"மேசை காலியாத்தானே சார் இருக்கு?"

"காலிதான்."

"மருத்துவருங்க?"

"இருக்காங்களே. அருமையான ஆளுங்க."

"அப்புறம் ஏன் சார்?"

நேர அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். புரியாதவர்களுக்குப் புரியவைப்பதில் அவருக்கு உண்மையான விருப்பம் இருந்தது.

"பாருங்க. மேசையைத் துடைக்கணும். கையுறை மாட்டணும். குழாய், கம்பி, பலூன் எல்லாம் எடுத்து வைக்கணும். இதையெல்லாம் கதவு திறந்த பிறகு செஞ்சா அது நேரம். திறக்கறதுக்கு முன்னாடி செஞ்சா அது தயாரிப்பு. நாங்க தயாரிப்புல ரொம்பப் பொறுமை."

"அதுவரைக்கும் அவளுக்கு ஓடுற நேரம்?"

"அது அவங்க சொந்த நேரம். அதுல நாங்க தலையிட முடியாது."

"செத்துப் போயிட்டா?"

"முன்வெளியில இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் செத்ததில்ல." நேர அதிகாரி புண்பட்டவர்போலப் பார்த்தார். "வராதவங்க இங்க எப்படிங்க சாக முடியும்?"

தச்சர் திரும்பிப் பார்த்தார். தாழ்வாரத்தின் ஓரம் முழுக்க, அவர்கள். நாற்பதாவது அடியில் சிலர், எண்பதாவது அடியில் சிலர். அவர் கதவை எங்கெங்கே நிறுத்தினாரோ அதற்குச் சற்று வெளியே, குவியல் குவியலாக. எல்லோரும் இப்போது கதவை விட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஸ்ட்ரெச்சர். அதில் ஒரு கை தொங்கியது. விரல் நுனியில் மெருகு எண்ணெயின் மஞ்சள்.

தச்சர் கருவிப்பையைத் திறந்தார். கதவின் கீல்களில் ஆணியை எந்தப் பக்கமிருந்து தட்டினால் வரும் என்று அதைச் செய்தவருக்குத் தெரியாதா? மூன்று தட்டு, மூன்று ஆணி. பூட்டிய கதவை அப்படியே தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் நேர அதிகாரி.

தச்சர் ஆப்புகளைத் தட்டி எடுத்தார். நிலைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். ஒற்றை ஆள் தூக்கும் கனமில்லை அது. கொண்டுவந்த அன்று நாலு பேர் பிடித்தார்கள். இன்று எழுந்தது. மறுபக்கத்துக் காலை யாரோ பிடித்திருப்பதுபோல, நேராக, ஆடாமல் எழுந்தது. ஓட்டுநர் பெஞ்சில் இல்லை என்பதை ஓரக்கண்ணால் கண்டார். மறுபக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு நிலை தாழ்வாரத்தில் நடந்து வந்தது. வகை அதிகாரி எழுந்து நின்றார். "இதுக்குப் படிவம்..." என்று தொடங்கி, எந்தப் படிவம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

தச்சர் நிலையை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் இறக்கி வைத்தார். மனைவி கண்ணைத் திறந்தாள். நிலைக்காலில் தன் கைபட்ட மினுமினுப்பு முகத்துக்கு நேரே தெரிந்தது.

"கிட்ட கொண்டாந்துட்டீங்களா?" என்றாள்.

"கொண்டாந்துட்டேன்மா."

செவிலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். மணி அடித்தது. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததைத் தச்சர் வாழ்நாளில் மறக்கவில்லை. அவர்கள் ஓடினார்கள். சாய்ந்திருந்த மருத்துவர்கள் துள்ளி எழுந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே ஊசி போட்டார், இன்னொருவர் ஓடிக்கொண்டே கையுறை மாட்டினார். இவ்வளவு வேகமும் இவ்வளவு திறமையும் இவ்வளவு நாளும் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு கடிகாரம் ஓடுவதற்காக மட்டும் காத்துக்கொண்டு.

நேர அதிகாரிகூட ஓடினார். "முப்பத்தெட்டுக்குள்ள! முப்பத்தெட்டுக்குள்ள!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

தச்சர் நிலையைப் பிடித்தபடி நின்றார். தலைக்கு மேல் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

முகமூடியைக் கழற்றியபடி பெண் மருத்துவர் வெளியே வந்தார்.

"இடது பக்கத்துப் பெரிய குழாய். முழு அடைப்பு. பலூனை விட்டு விரிச்சு, மறுபடி மூடிக்காம இருக்க ஒரு வலைக்குழாய் வெச்சிருக்கோம். ரத்தம் ஓடுது. முப்பத்தாறு நிமிஷம்."

"பொழைச்சுட்டாளா?"

"பொழைச்சுட்டாங்க." அவர் போகத் திரும்பி, நின்றார். "கொஞ்சம் தசை போயிருச்சுங்க. மாடி ஏறினா மூச்சு வாங்கும். பாரம் தூக்கக் கூடாது."

"எவ்வளவு போச்சு?"

மருத்துவர் தரையைப் பார்த்தார். "அது கதவுக்கு முன்னாடி போனது. எங்ககிட்ட அதுக்குக் கட்டம் இல்ல."

தச்சர் தலையாட்டினார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். நூற்று அறுபது அடி. ஒவ்வோர் அடியையும் அவரே அளந்து, பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

நேர அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். கோபத்தைவிடப் பெருமிதமே அதிகமாக இருந்தது. "முப்பத்தாறு! சரி, நடந்தது நடந்துபோச்சு. நிலையைத் தூக்கிப் பழையபடி கோடியில வெச்சிருங்க."

தச்சர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவி அங்கே இருந்திருந்தால் அந்தப் பதில் அவளுக்குக் கேட்டிருக்கும்.

நிலையைத் தூக்கினார். கோடிக்கு அல்ல, தெருவாசலைப் பார்த்து நடந்தார்.

ரெண்டாம் பெஞ்சில் காத்திருந்த மூன்று நோயாளிகளை நிலை கடந்தது. மூன்று முறை மணி அடித்தது. மூன்று ஸ்ட்ரெச்சர்கள் ஓடி வந்தன. ஒண்ணாம் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் அப்படியே. விதி விதிதான்; எண் விழுந்துவிட்டால் ஓடித்தான் ஆக வேண்டும். எண்பதாவது அடியில், சுவர் ஓரமாக, யாரும் இல்லாத இடத்தை நிலை கடந்தது.

மணி அடித்தது.

தள்ளுகிறவர்கள் இருவர் காலி ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து, இங்குமங்கும் பார்த்தார்கள்.

"யாருங்க வந்தது?"

மறுபடி மணி அடித்தது. மறுபடி. உள்ளே எண்கள் விழும் சத்தம் கேட்டது. வகை அதிகாரி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். "வகை என்ன? வகை என்னன்னு கேளுங்க," என்றார் யாரிடமோ.

தெருவாசலில், பட்டி பூசிய தடங்களுக்கு நடுவே, தச்சர் நிலையை இறக்கினார். அதே அளவு. விரற்கடைகூட இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது. ஆப்பை எடுத்து அடித்தார். அப்போதுதான் நிமிர்ந்து மறுபக்கம் பார்த்தார்.

ஓட்டுநர் தெருப்பக்கம் நின்றிருந்தார். நிலையைத் தூக்கி வந்த கையைக் காக்கியில் துடைத்துக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நேராக்கினார்.

"போகலாங்களா?"

"வாங்க," என்றார் தச்சர். "உள்ள வாங்கண்ணே."

ஓட்டுநர், புது வீட்டுக்குள் நுழைகிறவர்போலத் தலையைச் சற்றே குனிந்து, கடந்தார்.

மணி அடித்தது. காலி ஸ்ட்ரெச்சர் ஒன்று ஓடி வந்து, நின்று, யாரும் இல்லாததைப் பார்த்து, விதிப்படி திரும்பியது. பத்தடி போவதற்குள் தள்ளிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

"காலி வண்டிதானே இது?" என்றார் கூட்டாளியிடம். "ஏன் இப்படிக் கனக்குது?"

இரண்டு பேருமாகக் கைகொடுத்து, அதன்மேல் ஒருவர் படுத்திருக்கும்போது தள்ளுவதுபோலவே, குலுங்காமல், மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தச்சர் நிலைக்காலில் கையை வைத்தபடி, வழியை விட்டுச் சற்று ஒதுங்கி நின்றார். தலைக்கு மேல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.